மலர்வளையத்துக்கு வெளியே நிற்கும் மக்கள்

மொழிப்போர்த் தியாகிகள் நாளான ஜனவரி 25 அன்று மூலக்கொத்தளம் மயானத்துக்கு யார் போக வேண்டும் என்று வடசென்னையில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் வரும். அமைச்சர்கள் போவார்கள், கட்சித் தலைவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள், மாவட்டச் செயலாளர் ஆள் திரட்டுவார், 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்ற நடராசன், தாளமுத்து, டாக்டர் தருமாம்பாள் நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பார்கள், பத்திரிகையில் படம் வரும். பொதுமக்களுக்கு அங்கே என்ன வேலை?

கட்சிக்காரர்கள் மட்டும் இப்படிப் பேசுவதில்லை. படித்தவர்களும் பத்திரிகைக்காரர்களும், ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பிறந்து வளர்ந்து இன்று வேலைக்குப் போய்வருகிறவர்களும் ஏறத்தாழ இதே கருத்தில்தான் இருக்கிறார்கள். அது கட்சிகளின் சடங்கு என்பார்கள். ஓர் இயக்கத்தின் சொத்து, மற்றவர்களுக்கு அதில் பங்கில்லை என்பார்கள். நடந்து முடிந்து எண்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது, மக்களுக்கு ஆர்வமில்லை என்பார்கள். கொஞ்சம் கோபக்காரராக இருந்தால், குடிதண்ணீருக்கும் மூச்சுக்காற்றுக்குமே அல்லாடுகிற ஊரில் நினைவு நாள் ஒரு கேடா என்றும் கேட்பார்கள்.

இந்தப் பார்வை முழுக்கத் தவறு. தலைவர்கள் வருவதை நான் குறை சொல்லவில்லை; வரட்டும். நினைவிடம் புதுப்பிக்கப்பட்டு 2025 ஜனவரியில் திறக்கப்பட்டதும் நல்ல காரியமே. ஆனால் பேர் தெரியாத ஆயிரம் பேர் நடத்திய ஒரு போராட்டத்தை, பேர் தெரிந்த நூறு பேர் வந்து நினைவுகூர்ந்துவிட்டுப் போவதும், மற்றவர்கள் தடுப்புக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதும் அந்தப் போராட்டத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அந்தப் போராட்டம் எப்படி நடந்தது என்பதைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். 1937இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. ராஜாஜி தலைமையிலான அந்த அரசு 1938 ஏப்ரல் 21 அன்று ஓர் ஆணை பிறப்பித்து 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. எதிர்ப்பு மாகாணம் முழுவதும் கிளம்பியது. உண்ணாவிரதம் இருந்தார்கள், கறுப்புக் கொடி காட்டினார்கள், திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே வந்தார்கள். ஆனால் நாள் தவறாமல் மறியல் நடந்த இடம் வடசென்னையில், ஜார்ஜ் டவுனில், தங்கசாலைத் தெருவில் இருந்தது. இந்து தியாலஜிகல் உயர்நிலைப் பள்ளியின் வாசலுக்குத் தொண்டர்கள் சிறு குழுவாக வருவார்கள். தமிழ் வாழ்க என்று முழங்குவார்கள். காவலர்கள் பிடிப்பார்கள், வண்டியில் ஏறிக்கொள்வார்கள். மறுநாள் வேறொரு குழு வரும். மாதக் கணக்கில் இது நடந்தது.

1938 நவம்பர் 13 அன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் அங்கேதான் தரப்பட்டது என்பது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மறுநாள் திங்கட்கிழமை என்ன நடந்தது என்று கேளுங்கள், பெரியவர்களுக்கும் தெரியாது. டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் ஆகியோர் அந்தப் பள்ளி வாசலுக்குப் போனார்கள். கைக்குழந்தையோடு போனார்கள். கைதாகிச் சிறைக்குப் போனார்கள். பெண்களைத் தூண்டிவிட்டார் என்று பெரியார் மீது வழக்குப் போட்டு ஓராண்டு தண்டனை கொடுத்தது அரசு. போராட்டம் முடிவதற்குள் கைதானவர்கள் 1,198 பேர். தண்டிக்கப்பட்டவர்கள் 1,179 பேர். அவர்களில் பெண்கள் 73 பேர். தாய்மாரோடு சிறை புகுந்த குழந்தைகள் 32.

அந்தக் கணக்கில்தான் நடராசனும் வருகிறார், தாளமுத்துவும் வருகிறார். நடராசன் வடசென்னையின் தலித் இளைஞர். 1938 டிசம்பரில் கைதாகி, சிறையில் உடல் கெட்டு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1939 ஜனவரி 15 அன்று, பொங்கலை ஒட்டிய நாளில் இறந்தார். மன்னிப்புக் கேட்டு வெளியே வர அவர் மறுத்தார் என்பது இயக்க வரலாறுகள் பதிந்திருக்கும் செய்தி. கும்பகோணத்திலிருந்து வந்து மறியல் செய்த தாளமுத்து இரண்டே மாதத்தில், மார்ச்சில், சிறைவாசத்திலேயே இறந்தார். இருவரையும் மூலக்கொத்தளத்தில்தான் புதைத்தார்கள். 1940 பிப்ரவரி 21 அன்று ஆளுநர் எர்ஸ்கின் கட்டாய இந்தி ஆணையைத் திரும்பப் பெற்றார்.

இறந்தவர்கள் இருவர். சிறை சென்று வீடு திரும்பியவர்கள் ஆயிரத்துக்கும் மேல். மூலக்கொத்தளத்தில் நாம் வணங்குவது அந்த இருவரையும், திரும்பி வந்தவர்களில் தருமாம்பாள் ஒருவரையும்தான். திரும்பி வந்த மற்ற ஆயிரம் பேருக்கு நினைவு நாளில் ஒரு வரிகூடக் கிடையாது. அவர்கள் வீட்டுப் பேரன் பேத்திகள் வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இன்றும் இருப்பார்கள். தங்கள் பாட்டி எதற்காகச் சிறை போனாள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நினைவேந்தலைத் தலைவர்களிடம் ஒப்படைத்ததால் வந்த முதல் இழப்பு இதுதான். தலைவர் ஒருவர் வணங்குவதற்கு ஒரு சமாதி தேவைப்படுகிறது. உயிரோடு திரும்பி வந்து ரேஷன் கடை வரிசையில் நின்று வாழ்ந்து முடித்தவளுக்குச் சமாதி கிடையாது, ஆகவே வணக்கமும் கிடையாது.

இரண்டாவது இழப்பு இதைவிடப் பெரிது. நாம் வணங்கும் தேதியையே பாருங்கள். நடராசன் இறந்த ஜனவரி 15 இல்லை, தாளமுத்து இறந்த மார்ச் மாதமும் இல்லை. பெண்கள் சிறை புகுந்த நவம்பர் 14உம் இல்லை. ஜனவரி 25 என்பது பிந்தைய போராட்டத்தின் தேதி. 1964இல் அந்த நாளில் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி தீக்குளித்தார். 1965இல் அதே நாளில் மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் தொடங்கிய மோதல், மாநிலம் முழுவதும் பரவித் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. அரசுக் கணக்கிலேயே ஏறத்தாழ 70 உயிர்கள் போயின. அவர்களுடைய தியாகத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் 1938ஐயும் 1965ஐயும் ஒரே மாலையில் கோத்து, தீயையும் தோட்டாவையும் மட்டும் நினைவில் வைத்திருப்பது தமிழ்ப் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது? மொழிக்கும் உரிமைக்கும் போராடுவதென்றால் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறது. 2022 நவம்பரில் சேலம் மாவட்டத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு முதியவர் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தன்னையே எரித்துக்கொண்டார். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது தங்கசாலைத் தெருவின் அந்த வாசல்தான். அங்கே நின்ற ஆயிரம் பேரும் சாகப் போகவில்லை. வாழ்ந்துகொண்டே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே, ஓர் அரசாங்கத்தைப் பின்வாங்க வைத்தார்கள். இந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்திருந்தால் தீயைத் தேடிப் போகிறவர்கள் குறைந்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1938 போராட்டம் விடுதலைப் போராட்டத்தில் சேராது, காங்கிரஸை எதிர்த்தவர்கள் நடத்தியது, அதைச் சுதந்திரத்தின் பெயரால் எல்லோரும் எதற்காகக் கொண்டாட வேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. இதைச் சொல்பவர்கள் ஒரு சட்டத்தின் பெயரை மறந்துவிடுகிறார்கள். காங்கிரஸ் தொண்டர்கள் துணிக்கடை முன்னும் கள்ளுக்கடை முன்னும் மறியல் செய்வதை நசுக்க 1932இல் பிரிட்டிஷ் அரசு குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அமைதியாக நின்றாலே குற்றம் என்று ஆக்கிய சட்டம் அது. கொடுங்கோல் சட்டம் என்று காங்கிரஸே அதைக் கண்டித்தது. ஆறு வருடம் கழித்து ராஜாஜி அரசு அதே சட்டத்தைத்தான் தங்கசாலைத் தெருவில் பயன்படுத்தியது. அன்னியன் போட்ட சட்டத்தைக் கொண்டு, மக்கள் தேர்ந்தெடுத்த அரசு தன் மக்களையே பிடித்து அடைத்தது.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். வெள்ளைக்காரன் போனால் வருவது சுதந்திரம் என்றால், 1938 போராட்டத்துக்கு அதில் இடமில்லைதான். ஆனால் நாம் வாக்களித்து உட்காரவைத்த அரசையும் வாசலில் நின்று தட்டிக் கேட்கலாம், கேட்பவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்பதும் சுதந்திரத்தில் அடங்கும் என்றால், அந்தப் பாடத்தைத் தமிழ்நாட்டில் பெரிய அளவில் முதன்முதலாக எழுதியவர்களில் தருமாம்பாளும் அவரோடு போன பெண்களும் இருக்கிறார்கள். தேர்தல் வந்த பிறகுதான் ஜனநாயகத்துக்கான போராட்டமே தொடங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ராஜாஜியை இங்கே வில்லனாக நிறுத்துவது என் நோக்கமில்லை. 1930 ஏப்ரலில் அவர் ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும், உப்பெடுத்துச் சிறை போனதும் நம் வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம். எட்டு வருடம் கழித்து, 1938 ஆகஸ்ட் 1 அன்று, அதே திருச்சியிலிருந்து ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் ஒரு படை புறப்பட்டது. பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதில் இருந்தார்கள். ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டே நடந்து செப்டம்பர் 11 அன்று சென்னைக் கடற்கரையில் வந்து முடித்தார்கள். இரண்டும் ஒரே வழிமுறை. முதல் நடைப்பயணத்தை நடத்தியவரை எதிர்த்தே இரண்டாவது நடந்தது என்பதில்தான் அந்த வழிமுறையின் பெருமை இருக்கிறது.

ஆனால் இரண்டையும் நாம் நினைவுகூரும் விதத்தைப் பாருங்கள். வேதாரண்யத்தில் ஏப்ரல் மாதம் வந்தால் திருச்சியிலிருந்து நடைப்பயணம் வருகிறது. அகஸ்தியம்பள்ளியில் வந்தவர்கள் குனிந்து கையால் உப்பை அள்ளுகிறார்கள். 1930இல் செய்த காரியத்தையே செய்து பார்க்கிறார்கள். அங்கே போன சிறுவனுக்கு எந்தப் பேச்சையும் விட அந்தக் கை நிறைய உப்பு அதிகம் சொல்லிக் கொடுக்கும். மூலக்கொத்தளத்தில் செய்து பார்க்க என்ன வைத்திருக்கிறோம்? மாலை போடுவதுதான். அதையும் வரிசையில் முன்னால் நிற்பவர்கள்தான் போட முடியும்.

ஓர் இயக்கத்தின் சொத்து என்ற வாதத்துக்குப் பெரிதாகப் பதில் தேவையில்லை. சுயமரியாதை இயக்கம் முன்னின்று நடத்தியது உண்மை. ஆனால் அந்த அணியில் சைவப் பெரியார் மறைமலையடிகளும் நாவலர் சோமசுந்தர பாரதியும் இருந்தார்கள். சட்டமன்றத்தில் முஸ்லிம் லீக்கின் பி. கலிபுல்லா தான் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் என்று எழுந்து நின்று எதிர்த்தார். காங்கிரஸுக்குள்ளேயே சத்தியமூர்த்தி, விரும்பாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு விலக்கு அளிக்க வேண்டும் என்று வாதாடினார். கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே வாசலில் நின்ற போராட்டம் எந்த ஒரு கட்சிக் கரை வேட்டிக்குள்ளும் அடங்காது. வந்து சேர மறுப்பவர்கள்தான் அதைக் கட்சிச் சொத்தாக ஆக்குகிறார்கள். வரவிடாமல் தடுப்பு வைக்கிறவர்களுக்கும் அதில் பாதிப் பொறுப்பு உண்டு.

மக்களுக்கு ஆர்வமில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் எரிச்சலூட்டும் பேச்சு. வடசென்னையைக் கொஞ்சமும் அறியாதவர்கள் பேசுவது அது. இங்கே தெருவில் ஒருவர் இறந்தால் விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாகிவிடும். வருடம் திரும்பினால் நினைவு நாள் போஸ்டர். திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை தொழிற்சாலை வாசல்களில் மே முதல் தேதி காலையில் தொழிலாளர்கள் தங்கள் காசில் கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிறார்கள். குப்பத்துப் பஞ்சாயத்தார் கூட்டிச் சொன்னால் ஊரே வேலைக்குப் போகாமல் உட்காரும். நினைவில் வைப்பதும் கூடுவதும் இந்த மண்ணுக்குப் புதிதே இல்லை. ஜனவரி 25 வேலை நாள். குடியரசு நாளுக்கு முந்தின நாளென்பதால் நகரமெங்கும் போலீஸ் கெடுபிடி. ஹார்பரிலும் கம்பெனியிலும் ஷிப்ட் பார்க்கிறவர், மீன் விற்கப் போகிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் காலை பத்து மணிக்கு மயானத்துக்கு எப்படி வருவார்? அவர் வரக்கூடிய நேரத்தை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கூப்பிடாத வீட்டுக்கு வரவில்லை என்று குற்றம் சாட்டுகிறோம்.

அரசு அறிவித்தால்தான் ஒரு நாள் நினைவு நாளாகும் என்று நம்புகிறவர்களுக்கு 1923ஐ நினைவூட்ட வேண்டும். சிகாகோ தொழிலாளர்கள் 1886இல் எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியதை இந்தியாவில் முதன்முதலாக நினைவுகூர்ந்தது சென்னைதான். 1923 மே முதல் தேதி மீனவர் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர் சிங்காரவேலர் இரண்டு கூட்டங்களைக் கூட்டினார். ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில், மற்றொன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில், அதாவது வடசென்னையின் வாசலில். அப்போது விடுமுறை இல்லை, ஆணை இல்லை, அழைப்பிதழ் இல்லை. கடல் கடந்த ஊரில் அடிபட்டுச் செத்த முகம் தெரியாத தொழிலாளர்களை, இங்கே உழைத்துக் களைத்து வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து நினைத்தார்கள். அவர்கள் நினைத்ததால்தான் பின்னால் விடுமுறை வந்தது. இன்று ராஜாஜி சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். எழும்பூரில் சி.எம்.டி.ஏ. இருக்கும் கட்டடத்துக்குத் தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர். பட்டாவுக்கும் பிளான் அப்ரூவலுக்கும் அந்தப் படிகளில் ஏறி இறங்கும் வடசென்னை மக்களுக்கு அந்தப் பெயர்கள் யாருடையவை என்று அங்கே யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கட்டடத்துக்குப் பெயர் வைப்பதோடு அரசின் நினைவு நின்றுவிடும். அதற்கு மேல் கொண்டுபோக மக்கள்தான் வேண்டும்.

அரசு பராமரிக்கிறது, அது போதும் என்பவர்கள் மூலக்கொத்தளத்தின் சமீபத்திய வரலாற்றையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் மயான நிலத்தின் ஒரு பகுதியில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு கட்டும் திட்டம் வந்தது. ஏழைகளுக்கு வீடு வேண்டும், அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் புதைத்த இடத்தைக் காப்பாற்றுங்கள் என்று குரல் எழுப்பிப் போராட வேண்டியிருந்தது. மக்கள் நடமாட்டம் இல்லாத நினைவிடம் அரசுக் கோப்பில் வெற்று நிலமாகத்தான் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரியில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை ஒரே இரவில் இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், ஊர் திரண்டது, சில மாதங்களில் தூபி மறுபடி எழுந்தது. ஹாங்காங்கில் தியானன்மென் சதுக்கத்தில் கொல்லப்பட்டவர்களுக்காக முப்பது வருடம் ஜூன் 4 இரவில் விக்டோரியா பூங்காவில் மக்கள் மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். 2020இல் அதைத் தடை செய்தார்கள். ஓர் அதிகாரம் மக்களின் மெழுகுவத்தியைக் கண்டு பயப்படுகிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. மலர்வளையத்தைக் கண்டு எந்த அதிகாரமும் பயந்ததில்லை.

இனி அந்தக் கோபக்காரருக்கு வருகிறேன். காற்றும் தண்ணீரும் கெட்டுப்போன ஊரில் நினைவு நாள் எதற்கு என்கிறவர் அவர். எண்ணூரிலேயே அவருக்குப் பதில் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சுத் திணறி ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மறுநாள் முதல் அந்த மக்கள் ஆலையை மூடச் சொல்லி உட்கார்ந்தார்கள். சுற்றுவட்டாரத்தின் 33 கிராமங்கள் சேர்ந்துகொண்டன. நூறு நாட்களைத் தாண்டியும் பெண்கள் பந்தலில் இருந்தார்கள். அமைதியாக இருந்தார்கள். 1938இல் பள்ளி வாசலில் நின்ற பெண்களும் 2023இல் பந்தலில் உட்கார்ந்த பெண்களும் செய்தது ஒரே காரியம். முன்னதை வரலாறு என்று வணங்குகிற நாம் பின்னதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று பேசுகிறோம். இரண்டையும் இணைத்துச் சொல்ல ஆளில்லாததால் இப்படிப் பேச முடிகிறது. பெரியகுப்பத்துப் பெண்ணுக்குத் தன் பின்னால் தருமாம்பாள் நிற்கிறார் என்று தெரிந்திருந்தால், அவளை விரட்ட வருகிறவருக்கும் அது தெரிந்திருந்தால், பேச்சின் தொனியே மாறியிருக்கும். வடசென்னை என்றாலே அரிவாளும் ரவுடியும் என்று சினிமா கட்டிய பொய்க்கும் இதைவிட நல்ல மறுப்பு இருக்க முடியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மக்கள் தாமாகக் கூடி நினைவுகூர்வது இன்று சென்னையில் எளிதில்லை. 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம், 41ஆம் பிரிவு, இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆணையர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தடையாணையைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார். ஊர்வலத்துக்கும் கூட்டத்துக்கும் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். நடைப்பயணத் தொண்டர்கள் 1938இல் வந்து முடித்த கடற்கரையில் 2017க்குப் பிறகு போராட்டக் கூட்டத்துக்கு இடமில்லை. மறியலுக்கு நினைவிடம் கட்டித் திறந்து வைக்கிற அரசு, மக்கள் கூடுவதைத் தடுக்க வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தை அப்படியே வைத்திருக்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதில் மாற்றமில்லை. இந்த முரணைத் தலைவர்கள் எழுப்பமாட்டார்கள், அவர்களுக்கு அனுமதி தானாகக் கிடைக்கிறது. மக்கள் கூடப் போய் அனுமதி கேட்கும்போதுதான் இந்தக் கேள்வி எழும். எழ வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. நவம்பர் 14ஐ எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதும் குழந்தைகள் தினம் கொண்டாடும் அந்தத் தேதியில்தான் 1938இல் இந்த ஊரில் குழந்தைகள் தாயின் இடுப்பில் சிறைக்குப் போனார்கள். அன்று மாலை, ஷிப்ட் முடிந்த பிறகு, தங்கசாலைத் தெருப் பள்ளி வாசலில் கூடலாம். சிறை சென்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கலாம். பள்ளி மாணவிகள் படிக்கட்டும். அங்கிருந்து மின்ட் மணிக்கூண்டு வழியாக மூலக்கொத்தளம் நடந்தே போகும் தூரம்தான். தமிழாசிரியர்கள் வர வேண்டும், மற்ற ஆசிரியர்களுக்கு நிகரான சம்பளம் அவர்களுக்கும் வேண்டுமென்று இழவு வாரம் என்ற பெயரில் கிளர்ச்சி நடத்தியவர் தருமாம்பாள். துறைமுகத் தொழிலாளர் சங்கங்கள் வர வேண்டும். காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் பஞ்சாயத்தார் வர வேண்டும். கட்சித் தலைவர்களும் வரலாம், மற்றவர்களோடு நடந்து வரட்டும்.

படிப்பதற்குப் பெயர்கள் வேண்டும். தலைவர்கள் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. மற்றவர்கள் பெயர் பழைய விடுதலை, குடிஅரசு இதழ்களிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் கோப்புகளிலும் நம் வீட்டு அலமாரிகளிலும்தான் தேடிக் கிடைக்க வேண்டும். வடசென்னையில் இருக்கும் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் தமிழ்த் துறைகளும் மாணவர்களைத் தெருத் தெருவாக அனுப்பினால் ஒரே வருடத்தில் பாதிப் பெயர்களையாவது மீட்டுவிடலாம். உங்கள் தாத்தாவோ பாட்டியோ அந்த வருடங்களில் சிறை சென்றதாக வீட்டில் ஒரு பேச்சு இருந்தால், பெயரையும் தெருவையும் தெரிந்ததையெல்லாம் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர்களை நேரில் பார்த்தவர்களும் இன்னும் சில வருடங்கள்தான் நம்மோடு இருப்பார்கள்.